டைனமோப் பாட்டும் ஷெல்லாக்கின் இரைச்சலும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு டைனமோவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தட்டுப்பாடு. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் ரேப் றெக்கோடருக்குப் போகும். சுற்றுகிறவனுக்குக் கை சோர்ந்தால் பாட்டு கரகரக்கும். "வடிவாச் சுத்தடா" என்று திட்டு விழும். எனக்கு அந்தக் கரகரப்புப் பிடித்திருந்தது. வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி அடி வாங்கியதும் உண்டு.

2024 மே 17இல் சிக்காகோவின் ஷெல்லாக் என்ற இரைச்சல் ரொக் குழு வெளியிட்ட இசைத்தொகுப்பை வீட்டில் போட்டபோது அந்தக் கரகரப்புத்தான் திரும்பி வந்தது. கிற்றார் ஸ்டீவ் அல்பினி, பேஸ் பொப் வெஸ்டன், ட்ரம்ஸ் டொட் ட்ரெய்னர். 1992 முதல் இதே பாணி. 2014இல் வந்த தொகுப்புக்குப் பிறகு பத்து வருடம் கழித்து வந்தது, முழுவதும் கேட்டு முடிக்க அரை மணித்தியாலம்கூட வேண்டாம். வெளிவருவதற்குப் பத்து நாள் முன்னர் அல்பினி மாரடைப்பால் இறந்துபோனார், வயது 61. (ஷெல்லாக் என்றால் நம் அரக்குத்தான். பழைய 78 சுற்று இசைத்தட்டுகள் அதிலேதான் வார்க்கப்பட்டன.)

அடுத்த வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "தம்பி, ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சோ?"

மாமி சொன்னது அவ்வளவு பிழையில்லை. 1964இல் இங்கிலாந்தின் கிங்க்ஸ் ரொக் குழுவின் டேவ் டேவிஸ் இந்தச் சத்தத்துக்காகவே ஸ்பீக்கரின் தாளைப் பிளேடால் கீறினார். ஆனால் கீறாமலும் அதைப் பெறலாம். எந்த அம்பிளிபயரும் தனக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தை மீறி அலையை உயர்த்தாது, அதுதான் அலைக்குக் கூரை. இடம் போதாமல் போனால் வளைந்து எழும் உச்சி வெட்டுப்பட்டு, ஷெல்லடியில் வட்டிழந்த பனைபோலத் தட்டையாக நிற்கும். நான் டைனமோவை மெதுவாகச் சுற்றியபோது கூரை பதிந்தது, அலை அதில் முட்டியது. கிற்றார்க்காரர் கூரையை அப்படியே விட்டுவிட்டு அலையைப் பெருக்கி முட்டவைக்கிறார். விளைவு ஒன்றுதான். (மோட்டர் தளர்ந்து சுருதி இறங்கியது வேறு கதை.)

உச்சி தட்டையானால் காதுக்கு என்ன புதிதாகக் கிடைக்கிறது? திரும்பத் திரும்ப வரும் எந்த அலையையும் பல தூய அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்பது பிரெஞ்சுக் கணிதர் ஃபூரியேயின் கணக்கு. கூரிய மூலை வேண்டுமென்றால் உயர்ந்த மீடிறன்களை (மீடிறன் என்றால் செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, அலகு ஹேட்ஸ்) கூட்டியே ஆகவேண்டும். 110 ஹேட்ஸ் தூய அலையை மேலும் கீழும் சமனாக வெட்டினால் 330, 550, 770 என்று ஒற்றை மடங்குகள் முளைக்கும். மூலத்தில் இல்லாதவை அவை, ஆனால் தாறுமாறானவை அல்ல.

இரண்டு நாண்களைச் சேர்த்து மீட்டினால் கதை இன்னும் ருசிக்கும். 110உம் 165உம், அதாவது ச-ப. வெட்டுப்படும் அம்பிளிபயரில் இவற்றின் கூட்டல் கழித்தல்களும் பிறக்கின்றன: 55, 220, 275. எல்லாமே 55இன் மடங்குகள். யாரும் மீட்டாத ஒரு கீழ்ச் சுருதி அடியில் நின்று தாங்குகிறது. பஞ்சமத்தை விட்டு அரைச் சுரம் தள்ளி 110ஐயும் 116.5ஐயும் மோதவிட்டால் வித்தியாசம் 6.5, அது சுரமாகக் கேட்காது, செக்கனுக்கு ஆறேழு தடவை அதிரும் நடுக்கமாகத்தான் கேட்கும். இரைச்சல் ரொக் குழுக்கள் தேடிப்போவது இந்த நடுக்கத்தை.

நமக்கு இது அந்நியம் என்று யாராவது சொன்னால் தம்புராவைக் காட்டுவேன். அதன் பாலம் கூராக இல்லாமல் வளைந்த பரப்பாக இருக்கிறது. நாணுக்கும் பாலத்துக்கும் நடுவே ஒரு நூல். நாண் அதிரும்போது பாலத்தைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. சாதாரண நாணைச் சரி நடுவில் மீட்டினால் இரட்டை மடங்கு மீடிறன்கள் எழக்கூடாது. தம்புராவில் அப்படிப்பட்டவையும் பலமாகக் கேட்கின்றன என்பதை சி. வி. ராமன் 1921இல் எழுதினார். கரகரப்பை வேண்டி நூல் கட்டிய சமூகம் நாங்கள்.

ஆனால் ஷெல்லாக்கின் கெட்டித்தனம் கரகரப்பில் இல்லை, அதை நிறுத்துவதில் இருக்கிறது என்பது என் எண்ணம். மூன்றே கருவிகள், நடுநடுவே வெட்டென்று மௌனம். காது நரம்புகள் ஒரு சத்தம் தொடங்கும் கணத்தில் மளமளவென்று துடித்து, அது நீடித்தால் சோர்ந்துவிடும். பெருஞ்சத்தத்தில் நடுக்காதின் சிறு தசை ஒன்று இறுகி, தாழ்ந்த சுரங்களைக் கொஞ்சம் தடுத்தும் விடுகிறது. மௌனம் கிடைத்தால் தசை தளரும், நரம்பு மீளும். அடுத்த அடி அதே பலத்தில் விழுந்தாலும் கூடிய பலமாகப் படும். ஓயாமல் நிரப்பிவைத்த பாட்டுக்கு இந்த வசதி இல்லை.

அல்பினி ஒலிப்பதிவாளராகவும் பேர்பெற்றவர். ட்ரம்ஸுக்குப் பக்கத்து மைக்குகளோடு தூரத்திலும் வைப்பார். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க நேரடி ஒலி 6 டெசிபல் குறையும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அறைக்குள் அநேகமாக ஒரே அளவாக நிற்கும். ஆகவே மைக் விலக விலக அறையின் பங்கு ஏறும். கிற்றார் நின்ற இடைவெளியில் ட்ரம் அடி தேய்ந்து ஓய்வதைக் கேட்டுப் பாருங்கள், அந்த அறை எவ்வளவு பெரிது என்று மட்டுக்கட்டலாம்.

இனிக் கூவல். போன திருவிழாவில் எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு பிள்ளை தேவாரம் பாட மைக்கோடு நடந்து போய் ஸ்பீக்கர் பொக்ஸுக்கு முன்னால் நின்றுவிட்டது. கூவென்று ஒரு சத்தம். ஐயரே காதைப் பொத்தினார். மைக் பிடித்தது பொக்ஸால் வந்து, மறுபடி மைக்குக்குள் போகிறது. ஒரு சுற்று முடிந்து வரும்போது ஒலி குறையாமல், அதே அவத்தையில், அதாவது ஏற்றம் ஏற்றத்தோடு பொருந்த, வந்து சேர்ந்தால் அது தானே வளரும். இடைத்தூரம் 3.5 மீற்றர் என்றால் ஒலி அதைக் கடக்க ஏறத்தாழ 10 மில்லிசெக்கன். 100, 200, 300 ஹேட்ஸ் என்று 100இன் மடங்குகள் எல்லாம் போட்டிக்கு நிற்கும், எதற்குப் பெருக்கம் கூடவோ அது வெல்லும். கிற்றாரை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தால் நாணின் சொந்த மீடிறன்களே வெல்லும். அதனால்தான் அது அலறலாக இல்லாமல் சுரமாக நீள்கிறது. வாசிப்பவர் ஓரடி தள்ளி நின்றால் நாண் தன் வேறு மேற்றொனிக்கு (அடிச் சுரத்துக்கு மேலே எழும் மடங்குச் சுரத்துக்கு) தாவும்.

மைக் செற் அண்ணை ஓடிவந்தார். "பொக்ஸுக்கு முன்னாலை நிக்காதை பிள்ளை, அங்காலை வா." குமிழை ஒரு பல்லளவு பின்னால் திருப்பினார். கூவல் நின்றது. ஆனால் ஒரு சுற்றில் ஒலி பெருகும் மடங்கு ஒன்றுக்கு மயிரிழை கீழேதான் இருந்திருக்க வேண்டும்: பிள்ளை பாடி முடிக்கும்வரை ஒவ்வொரு சொல்லின் வாலிலும் சின்ன ரீங்காரம் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்து, தேய்ந்து தேய்ந்து போனது.