தோட்டத்து வீட்டுக்குத் திருடன் வரமாட்டான் என்று யார் சொன்னது?

"ஏனுங்க வக்கீலம்மா, நம்ம ஊர்ல எவனுங்க திருட வரப்போறான்?" ஈரோடு, திருப்பூர் பக்கத்துக் கட்சிக்காரர்கள் இதைச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போன வாரம் வந்த அம்மாவும் அதையேதான் சொன்னார், பீரோவை உடைத்து நகையை எடுத்துக்கொண்டு போன பிறகும். ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பார்க்கட்டும் என்று மூன்று நாள் காத்திருந்திருக்கிறார். அதற்குள் பீரோவைத் துடைத்து, வாசலில் சாணி தெளித்து, வீட்டைக் கழுவியும் விட்டாயிற்று. கைரேகை எடுக்க வருகிறவர் எதை எடுப்பார்?

கிராமத்தில் குற்றம் குறைவு என்று நம்புகிறீர்களே, அது எந்தக் கணக்கு? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத் தனி அட்டவணை வெளியிடுகிறது. சென்னையும் கோவையும் அதில் உண்டு. உங்கள் ஊரில் காணாமல்போன ஆடும் மோட்டார் ஒயரும் மாவட்டக் கணக்கில் கரைந்துவிடும், அதுவும் யாராவது புகார் கொடுத்திருந்தால். ஆடுதானே என்றும் விடாதீர்கள். 2021 நவம்பரில் ஆடு திருடர்களைத் திருச்சி நவல்பட்டிலிருந்து துரத்திச் சென்ற சிறப்பு உதவி ஆய்வாளரைக் கீரனூர் அருகே வெட்டிக் கொன்றார்கள்.

சென்னையில் செயின் பறிக்கிறவனுக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது. பைக்கில் வந்து பறித்துக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிடுவான். தோட்டத்து வீட்டுக்கு வருகிறவன் அவசரப்படுவதில்லை. பகலிலேயே தேங்காய் விலை கேட்டோ வேலை கேட்டோ வந்து, வீட்டில் எத்தனை பேர், பின்கதவு எங்கே என்று பார்த்துவிட்டுப் போயிருப்பான். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் கிடையாது என்பதும் அவனுக்குத் தெரியும். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள். அடுத்த ஆண்டே சிவகிரி அருகே வயதான தம்பதி. அவர்கள் இறந்தது வெளியே தெரியவே சில நாள் ஆனது.

வெளியாள் வரும் கதை இது. வரப்பு, வாய்க்கால், வழித்தடத் தகராறில் அடிக்கிறவன் பங்காளியாகவோ பக்கத்துக் காட்டுக்காரனாகவோ இருப்பான். நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று பஞ்சாயத்துப் பேசுவார்கள். பேச்சு முறிந்தபின் என்னிடம் வருவார்கள். "ஏன் இத்தனை நாள் தாமதம்?" என்பதுதான் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி. எதிர்த் தரப்புக்கு நான் ஆஜரானாலும் அதைத்தான் கேட்பேன். குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தில் பேசி முடிக்க யாருக்கும் உரிமையே கிடையாது. தெரிந்தும் மறைத்தால் போக்சோ சட்டப்படி மறைத்தவர் மீதும் வழக்கு வரும்.

சரி, என்ன செய்யலாம்? நகையை பேங்க் லாக்கரில் வையுங்கள். கல்யாணத்துக்குக் கல்யாணம் எடுத்துப் போட்டுக்கொண்டால் போதும். கேமரா மாட்டினால் ஹார்டு டிஸ்க்கை டிவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதையும் கழற்றிக்கொண்டு போகிறார்கள். நாய் திடீரென்று செத்தால், திருட வருகிறவன் விஷம் வைத்திருக்கலாம்; புதைத்துவிட்டுச் சும்மா இருக்காமல் ஸ்டேஷனில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் பி.எம். கிசான் என்று வரும் ஏபிகே கோப்பை, அதாவது போனில் செயலியை ஏற்றிவிடும் கோப்பை, தொடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். இந்தத் திருட்டுக்கு டவுன், கிராமம் என்ற வித்தியாசமே இல்லை.

பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகளே, தினமும் ராத்திரி அப்பா அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். எடுக்கவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், அப்போதே பக்கத்துத் தோட்டத்துக்காரரை அனுப்புங்கள். அவர் நம்பர் உங்களிடம் இருக்கிறதா?

திருட்டு நடந்துவிட்டால் எதையும் தொடாமல் 100-க்கு அழையுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டப்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ஆன்லைனில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் மனு ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள், அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.