'நெவர்' என்று போட்டவர் யார்?

இந்த மாதத்தில் அதே ஆபத்தான வரி இருந்த மூன்றாவது நிரல் இது. முதல் இரண்டையும் பொறுத்துக்கொண்டேன். மூன்றாவதில் அந்த வரிக்கு மேலேயே ஒரு குறிப்பு இருந்தது: "தற்காலிகம். லைவ் போகும் முன் எடுத்துவிடவும்." யார், எப்போது எழுதினார்கள் என்று பழைய பதிவுகளில் தேடிப் பார்த்தேன். ஆறு வருடம் ஆகியிருந்தது. எழுதியவர் வேலையை விட்டே போய்விட்டார். அவர் போட்ட வரி மட்டும் தினமும் காலை ஒன்பது மணிக்கு, அத்தனை ஊழியர்களின் பாஸ்வேர்டையும் கையில் வாங்கிக்கொண்டு, வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

நான் சொல்வது சி மொழியில் எழுதிய நிரல்கள், ஓப்பன்எல்டாப் லைப்ரரி வழியாக நிறுவனத்தின் டைரக்டரி சர்வரோடு (ஊழியர்களின் கணக்குகளை வைத்திருக்கும் சர்வர், அதோடு பேசும் மொழிதான் எல்டாப்) பேசும் இடத்தைப் பற்றி. லாகின் சரிபார்ப்பு, மெயில், விபிஎன், வருகைப் பதிவு என்று எதை எடுத்தாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே ஒரு ஃபங்ஷன்: எல்டாப்_செட்_ஆப்ஷன். (பெயர்களை ஆபீஸில் வாய்விட்டுச் சொல்வது போலவே எழுதுகிறேன். ஆப்ஷன்களின் முன்னால் வரும் நீளமான ஒட்டை விட்டுவிடுகிறேன், உங்களுக்கே தெரியும்.)

அந்த வரி செய்தது இதுதான்: ரிக்வயர்_செர்ட் என்ற ஆப்ஷனுக்கு நெவர் என்ற மதிப்பைக் கொடுத்தது. அதாவது, 'நான் இன்னார்' என்று நிரூபிக்க சர்வர் எந்தச் சர்டிஃபிகேட்டை நீட்டினாலும் பார்க்காதே, பேச ஆரம்பித்துவிடு.

"ஆனால் என்கிரிப்ஷன் இருக்கிறதே சார்?"

மூன்று இடத்திலும் இதே கேள்வி. மூன்று இடத்திலும் கேட்டவர்கள் கெட்டிக்காரர்கள். அதனால்தான் எரிச்சல் வருகிறது. என்கிரிப்ஷன் இருக்கிறது, சரி. யாரோடு இருக்கிறது? ஒரு கவரில் பணத்தை வைத்து, ஒட்டி, அரக்கு வைத்து, முத்திரையும் குத்துகிறீர்கள். பிறகு வாசலில் யார் நிற்கிறார்கள் என்று எட்டிக்கூடப் பார்க்காமல் நீட்டுகிறீர்கள். வழியில் யாரும் கவரைப் பிரிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். வாங்கிக்கொண்டவனே பிரிக்கப் போகிறான், அவனுக்கு என்ன தடை?

இன்னும் பச்சையாகச் சொல்கிறேன். பைண்ட் என்றால் டைரக்டரியிடம் 'நான் இன்னார்' என்று சொல்லி நுழைவது. சிம்பிள் பைண்டில் பாஸ்வேர்டு பாஸ்வேர்டாகவே போகிறது. ஹாஷ் எதுவும் கிடையாது. அதை மூடி வைப்பது வெளியே இருக்கும் டிஎல்எஸ் என்ற என்கிரிப்ஷன் உறை ஒன்றுதான். நடுவில் ஒருவன் உட்கார்ந்து, "நான்தான் டைரக்டரி சர்வர்" என்று தானே கையெழுத்திட்ட சர்டிஃபிகேட்டை நீட்டினால், நெவர் போட்ட நிரல் அவனோடு அழகாக என்கிரிப்ட் செய்த இணைப்பை ஏற்படுத்தி, அதற்குள் பாஸ்வேர்டை ஊற்றிவிடும். அவன் அதை அப்படியே உண்மையான சர்வருக்கு அனுப்பி, பதிலைத் திருப்பித் தந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. லாகின் வேலை செய்யும். லாக்கில் பிழை இருக்காது. போவது ஒரு சர்வீஸ் அக்கவுன்ட்டின் (நிரல் தனக்கென்று வைத்திருக்கும் கணக்கு) பாஸ்வேர்டு மட்டும் அல்ல. காலையில் லாகின் செய்யும் ஒவ்வொருவருடையதும்தான்.

வாயால் சொல்லி நம்பவைக்க முடியாது என்று தெரிந்துவிட்டதால் இப்போதெல்லாம் செய்தே காட்டிவிடுகிறேன். அனுமதி வாங்கி, சோதனை இயந்திரத்தில் மட்டும். அங்கே எந்தப் பெயர் எந்த ஐபி எண் என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரியை மாற்றி, டைரக்டரி சர்வரின் பெயரை என் மடிக்கணினிக்குத் திருப்பினேன். என் பக்கம் ஒரு போலி சர்வர், இரண்டு நிமிடத்தில் செய்த சர்டிஃபிகேட். மேனேஜரையே உட்காரவைத்து, சோதனைப் பயனரின் பெயரில் ஏதாவது ஒரு பாஸ்வேர்டு அடிக்கச் சொன்னேன். அவர் என்டர் தட்டிக் கையை எடுப்பதற்குள் என் திரையில் அது எழுத்து எழுத்தாக இருந்தது, கடைசி ஆச்சரியக்குறி உட்பட. "சரி, என்ன பண்ணணும்?" என்றார். முதல் தடவையாகச் சரியான கேள்வி.

நெவர் போடாமல் 'அலவ்' போட்டிருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. அலவ் என்றால் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பார்ப்பேன், மோசமாக இருந்தாலும் பரவாயில்லை என்று அர்த்தம். பெயர் பொருந்துகிறதா என்றும் பார்க்காது. நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். வேண்டியது டிமாண்ட். ஹார்ட் என்று போட்டாலும் அதேதான். லைப்ரரியின் இயல்பு நிலையே டிமாண்ட். ஆக, நீங்கள் கையை வைக்காமல் இருந்திருந்தாலே சரியாக இருந்திருக்கும்!

இதில் இன்னொரு குழி. நெவர் என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் எண் 0. டிமாண்ட் 2. ஓர் இடத்தில் இந்த மதிப்பைக் கான்ஃபிக் ஃபைலிலிருந்து படித்து, ஏடூஐ என்ற சி ஃபங்ஷன் கொண்டு எண்ணாக மாற்றியிருந்தார்கள். யாரோ நல்ல எண்ணத்தில் 2 என்பதற்குப் பதிலாக "டிமாண்ட்" என்று எழுத்தில் எழுதி வைத்தார். ஏடூஐக்கு எழுத்து தெரியாது, 0 கொடுத்தது. கதவை இன்னும் இறுக்கமாகப் பூட்டுகிறேன் என்று நினைத்து முழுதாகத் திறந்து வைத்துவிட்டார், பாவம்.

சரி, நெவர் எங்கிருந்து வருகிறது? யாரும் ஆசைப்பட்டுப் போடுவதில்லை. "கான்ட் கான்டாக்ட் எல்டாப் சர்வர்" என்று பிழை வருகிறது, இணையத்தில் தேடுகிறார்கள், முதல் பதில் நெவர் போடச் சொல்கிறது, போட்டதும் வேலை செய்கிறது. அந்தப் பிழைக்கு நான் பார்த்தவரை பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். ஒன்று, சர்வரைப் பெயரால் கூப்பிடாமல் ஐபி எண்ணால் கூப்பிடுகிறார்கள். சர்டிஃபிகேட்டில் இருப்பது பெயர், எண்ணும் சேர்த்து எழுதியிருந்தால் ஒழிய பொருந்தாது. இரண்டு, சர்டிஃபிகேட்டுக்குக் கையெழுத்திட்டது நிறுவனத்தின் சொந்த சிஏ (சர்டிஃபிகேட் வழங்கும் அமைப்பு), அதை இந்த இயந்திரத்துக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லை. சிஏசெர்ட்ஃபைல் என்ற ஆப்ஷனில் அந்த ஃபைலின் பாதையைக் கொடுத்தால் முடிந்தது. எது காரணம் என்று சந்தேகமாக இருந்தால் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்ட் கட்டளையை 636 போர்ட்டின் (தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் உள்ள எல்டாப் போர்ட்) மேல் ஓடவிட்டுப் பாருங்கள், யார் யாருக்குக் கையெழுத்திட்டது என்று வரிசையாகக் காட்டும்.

"சிஏ ஃபைல் கொடுத்துப் பார்த்தோம், அப்போதும் வரவில்லை" என்பவர்களுக்கு: நியூசிடிஎக்ஸ் ('புது கான்டெக்ஸ்ட் கட்டு' என்று சொல்லும் ஆப்ஷன்) போட்டீர்களா? டிஎல்எஸ் சம்பந்தமான ஆப்ஷன்களை மாற்றினால் மட்டும் போதாது. லைப்ரரி முன்பே ஒரு டிஎல்எஸ் கான்டெக்ஸ்டை (டிஎல்எஸ் அமைப்புகளின் தொகுப்பு) கட்டி வைத்திருந்தால் அதையேதான் பயன்படுத்தும், உங்கள் புது மதிப்பு ஓரமாக உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் வைத்து முடித்த பிறகு, கடைசியாக நியூசிடிஎக்ஸ் ஆப்ஷனுக்கு 0 வைத்திருக்கும் ஓர் இன்ட்டின் முகவரியைக் கொடுங்கள். 0 என்றால் கிளையன்ட்டுக்கான கான்டெக்ஸ்ட். சில சமயம் இது இல்லாமலே நடந்துவிடும், அதுதான் தொல்லை. உங்கள் இயந்திரத்தில் நடக்கும், வேறொரு லைப்ரரி முன்பே எல்டாப்பைத் தொட்டிருக்கும் இயந்திரத்தில் நடக்காது.

இதே குடும்பத்தில் இன்னொரு குழப்பம். செட்_ஆப்ஷனுக்கு முதலில் கொடுப்பது ஹேண்டில், அதாவது ஓர் இணைப்பைக் குறிக்கும் பிடி. அதற்குப் பதில் நல் (எதையும் சுட்டாத வெற்றுப் பாயிண்டர்) கொடுத்தால் அது மொத்த நிரலுக்குமான பொது அமைப்பு. புதிதாகப் பிறக்கும் ஹேண்டில்கள் பிறக்கும் நேரத்தில் அதைப் பிரதி எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே பிறந்தவை எடுத்துக்கொள்ளாது. ஹேண்டிலை உருவாக்கிவிட்டு அப்புறம் நல்லில் போய் மாற்றிக்கொண்டிருந்தால் காற்றோடு பேசுகிறீர்கள்.

ஸ்டார்ட்_டிஎல்எஸ் பயன்படுத்துபவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: அது திருப்பித் தரும் மதிப்பைப் பாருங்கள். 389 போர்ட்டில் சாதாரணமாகத் தொடங்கி நடுவில் டிஎல்எஸ்ஸுக்கு மாறும் முறை அது. மாறத் தவறினால் நிரல் அங்கேயே நிற்க வேண்டும். நான் பார்த்த ஒன்றில் லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் பைண்ட்டுக்குப் போயிருந்தார்கள். அப்படிப் போனால் பாஸ்வேர்டு கம்பியில் அம்மணமாகப் போகக்கூடும்.

இப்போது வாய்டு ஸ்டார், அதாவது எந்த வகையின் முகவரியையும் வாங்கிக்கொள்ளும் பாயிண்டர். செட்_ஆப்ஷனின் மூன்றாவது அளபுருவின் வகை அதுதான் என்பதால் கம்பைலர் உங்களைக் காப்பாற்றாது. ஓர் ஆப்ஷனுக்கு இன்ட்டின் முகவரி வேண்டும், இன்னொன்றுக்கு நேர அளவை வைத்திருக்கும் டைம்வேல் ஸ்ட்ரக்டின் முகவரி, மற்றொன்றுக்கு எழுத்துச் சரம். மாற்றிக் கொடுத்தால் சத்தமே இல்லாமல் கம்பைல் ஆகும். இதில் அதிகம் பேர் விழுவது ரெஃபரல்ஸ் ஆப்ஷனில். ஆஃப் என்ற ஓர் இன்ட்டில் 0 வைத்து, அதன் முகவரியைக் கொடுக்கிறார்கள். ஏனென்றால் நாலு வரி மேலே புரோட்டோகால் வெர்ஷனுக்கு 3 என்பதை அப்படித்தான் கொடுத்தார்கள். ஆனால் ரெஃபரல்ஸ் முகவரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. வந்தது நல் பாயிண்டரா இல்லையா என்பது மட்டுமே அதற்குக் கணக்கு. நல் இல்லை என்றால் ஆன். நீங்கள் அணைக்க நினைத்து அழுத்தியது ஏற்றும் சுவிட்ச். ஆப்ட்_ஆஃப் என்ற மேக்ரோவை அப்படியே, முன்னால் & போடாமல் கொடுக்க வேண்டும்.

ரெஃபரல்ஸை அணைப்பது எதற்கு என்றால், மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரியில் டொமைனின் வேரிலிருந்து தேடினால் "அங்கேயும் போய்ப் பார்" என்று சில முகவரிகளைத் தரும். லைப்ரரி சொன்ன பேச்சைக் கேட்டு அங்கே ஓடும், ஆனால் அடையாளம் சொல்லாமல் அனானிமஸாக ஓடும். அங்கிருந்து "முதலில் பைண்ட் செய்" என்று ஓர் ஆப்பரேஷன்ஸ் எரர் வரும். பைண்ட் வெற்றிகரமாக முடிந்த நிரலில் இந்தப் பிழையைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பாஸ்வேர்டைச் சந்தேகப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

இந்த வடிவத்துக்குப் பழைய காலம்தான் காரணம். 1995இல் வந்த ஆர்எஃப்சி 1823 என்ற இணைய ஆவணத்தில் செட்_ஆப்ஷன் ஃபங்ஷனே கிடையாது, ஸ்ட்ரக்டுக்குள் கைவிட்டு நேராக மதிப்பை எழுதுவார்கள். பிறகு வந்த சி ஏபிஐ வரைவு ஆர்எஃப்சி ஆகாமலே நின்றுபோனது. அந்தப் பழைய நெடி இன்னொரு இடத்திலும் வீசும். எல்டாப்_இனிட் போன்ற பழைய ஃபங்ஷன்களுக்கான அறிவிப்பு இப்போது ஹெடரில் இயல்பாகக் கிடைக்காது. எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாமல் கம்பைல் செய்தால், 64 பிட் இயந்திரத்தில் பாயிண்டர் பாதியாக வெட்டுப்பட்டு நிரல் விழும். இனிஷியலைஸ் என்று முடியும் புது ஃபங்ஷனுக்கு மாறுங்கள்.

அந்த இனிஷியலைஸ் சர்வரைத் தொடுவதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது சக்சஸ் என்றால் ஹேண்டில் கிடைத்தது, அவ்வளவே. உண்மையான இணைப்பு முதல் வேலையின்போதுதான். அங்கேதான் நேரக்கெடு வேண்டும். நெட்வொர்க்_டைம்அவுட் இணைப்பு ஏற்படும் வரைக்கும். டைம்அவுட் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம். டைம்லிமிட் சர்வரிடம் "இதற்கு மேல் தேடாதே" என்று சொல்வது. பெயர்கள் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், வேலை வேறு. முதல் இரண்டுக்கும் டைம்வேல், மூன்றாவதுக்கு இன்ட். முதலாவதை வைக்காமல் விட்டால், பாக்கெட்டை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும் ஒரு செத்த சர்வருக்காக லினக்ஸ் இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கும். பட்டியலில் இரண்டாவது சர்வர் உயிரோடு இருந்தும் அதன் முறை அதற்குப் பிறகுதான். ஐந்து விநாடி வையுங்கள், போதும்.

வெர்ஷன் 3 என்று நீங்களே சொல்லுங்கள், லைப்ரரி தானாக 2 என்று ஆரம்பிக்கக்கூடும். 2 வழக்கொழிந்தது என்று 2003இலேயே அறிவித்துவிட்டார்கள். ஒவ்வொரு செட்_ஆப்ஷனும் ஆப்ட்_சக்சஸ் தருகிறதா என்று பாருங்கள். நடப்பு டைரக்டரியில் கிடக்கும் எல்டாப்ஆர்சி ஃபைலும், சூழல் மாறிகளும் உங்களுக்குத் தெரியாமலே இயல்பு மதிப்புகளை மாற்றும். அதனால் டிமாண்ட் இயல்பு நிலைதானே என்று நம்பி விடாமல் நிரலிலேயே எழுதுங்கள். தலைப்புக்கு வெளியே ஒன்று: காலி பாஸ்வேர்டோடு பைண்ட்டுக்கு அனுப்பாதீர்கள். சில சர்வர்கள் அதை அனானிமஸ் என்று எடுத்துக்கொண்டு சக்சஸ் சொல்லும், உங்கள் நிரல் ஆளை உள்ளே விட்டுவிடும்.

அந்த மூன்றாவது இடத்தில் திருத்தம் நாலு வரி. ஐபி எண்ணை எடுத்துவிட்டுப் பெயர், சிஏ ஃபைலின் பாதை, டிமாண்ட், நியூசிடிஎக்ஸ். எழுதிச் சோதிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த சிஏ ஃபைல் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் இரண்டு நாள் ஆனது. கடைசியில் அது பக்கத்து மேசைக்காரரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில், "புதிது (2)" என்ற பெயரில் இருந்தது.