காலையில் எப்படி இருக்கிறது?

27 வயது இருக்கும். உள்ளே வந்ததும் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். தடியான ஃபைல் ஒன்றை மேசையில் வைத்து, "எல்லா டெஸ்டும் நார்மல் சார். ஆனா முடியல" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைத் தரையைப் பார்த்துத்தான் சொன்னார். கல்யாணமாகி நாலு மாதம்.

ஃபைலைத் திறக்காமலே கேட்டேன்: "காலையில எழுந்திருக்கும்போது விறைப்பு இருக்கா?"

"அது இருக்கு சார். அதுக்கென்ன?"

பாதி விடை அதில்தான் இருக்கிறது. ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில், முக்கியமாகக் கனவு காணும் நேரங்களில், ஒரே இரவில் 3 முதல் 5 முறை விறைப்பு வந்து போகும். காலையில் தெரிவது அதன் கடைசித் தவணை. அது ஒழுங்காக வருகிறது என்றால் ரத்தக்குழாய், நரம்பு, ஹார்மோன் மூன்றும் பெரும்பாலும் தம் வேலையைப் பார்க்கின்றன. தடுப்பது விழித்திருக்கும்போது நடக்கும் ஏதோ ஒன்று.

பலரும் விறைப்பைத் தசை இறுகுவதாக நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. நரம்பு நுனிகளில் நைட்ரிக் ஆக்சைடு சுரந்ததும் உறுப்புக்குள் இருக்கும் மென்தசை தளர்கிறது. ரத்தம் பாய்ந்து நிரம்புகிறது. அந்த அழுத்தத்தில் ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகள் நசுங்கி அடைபடுகின்றன. பயம் வந்தால் அட்ரீனலின் அதே தசையை இறுக்கிவிடும். முதல் தடவை அசதியாலோ குடியாலோ தவறியிருக்கலாம், யாருக்கும் நடப்பதுதான். இரண்டாவது தடவை "இன்னைக்காவது வருமா" என்று தன்னைத்தானே வேவு பார்க்க ஆரம்பித்தால் அவ்வளவுதான். "அப்போ நான் கற்பனை பண்றேனா சார்?" என்று இவரும் கேட்டார். கற்பனையே இல்லை, ரசாயனம்.

கைப்பழக்கத்தால் வந்த நரம்புத் தளர்ச்சி என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படி ஒன்று கிடையாது.

ஆனால் காலை விறைப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகிறது என்றால் நான் வேறு பக்கம் திரும்புவேன். வயதைப் பார்த்து "எல்லாம் மனசுதான் தம்பி" என்று அனுப்பிவிடுவது தப்பு. ஆணுறுப்புக்குப் போகும் தமனி 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம்தான். இதயத் தமனி 3 முதல் 4. சிகரெட்டும் சர்க்கரையும் பிரஷரும் குழாயைக் கெடுக்கத் தொடங்கினால் மெல்லிய குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும், சில சமயம் நெஞ்சுவலிக்குச் சில வருடங்கள் முன்பே. "நார்மல்" ஃபைல்களில் ஸ்கேன்கூட இருக்கும், பிரஷர் பார்த்த குறிப்பு இருக்காது!

அப்புறம் ஜிம். "புரோட்டீன் மட்டும்தான் சார்" என்பவரிடம் இரண்டாவது முறை கேட்டால் ஊசி வெளியே வரும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோன் போனதும் மூளை விந்தகங்களுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். ஊசியை விட்ட பிறகும் பழைய அளவுக்குத் திரும்ப மாதக்கணக்காகலாம். முடி கொட்டுவதற்குத் தரும் ஃபினாஸ்டரைடு, மன அழுத்த மாத்திரைகள் சில, இவற்றாலும் சிலருக்குப் பிரச்சினை வரும்; அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் பேசுங்கள். ஆசையே குறைந்துவிட்டது என்றால் டெஸ்டோஸ்டீரோன், புரோலாக்டின், தைராய்டு என்று ஹார்மோன்களைப் பார்ப்போம். டெஸ்டோஸ்டீரோனுக்கு ரத்தம் காலையில்தான் எடுக்க வேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் திரும்பவும். உறுப்பு வளைவது, இடுப்பில் பட்ட பழைய அடி, இதையெல்லாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

சில்டெனாபில், அதாவது வயாக்ரா மாத்திரை? 1998 முதல் இருக்கிறது, தேவைப்படுவோருக்கு நானும் எழுதுகிறேன். ஆனால் கிளர்ச்சி இல்லாமல் அது வேலை செய்யாது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் தொடவே கூடாது, பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். "முழுக்க மூலிகை" என்று விற்ற பொடிகளுக்குள்ளும் இதே மருந்து ஒளிந்திருந்து பிடிபட்டிருக்கிறது.

இவருக்கு பிரஷரும் சர்க்கரையும் பார்த்தேன், சரியாகவே இருந்தன. மாத்திரை எழுதவில்லை. மூன்று வாரத்துக்கு உடலுறவு முயற்சியே கூடாது, தொடலாம், பேசலாம், அதற்கு மேல் வேண்டாம் என்றேன். ஏமாற்றமாகத்தான் எழுந்து போனார்.

அடுத்த முறை மனைவியும் கூட வந்தார். அவர்தான் ஆரம்பித்தார்: "நீங்க மூணு வாரம்னு சொன்னீங்க டாக்டர். ரெண்டாவது வாரமே பேச்சை மீறிட்டோம்."