பால் குடிக்கும் கேக்

"டிரெஸ் லெச்சஸ் கேக் செய்தேன். கேக் ஒரு பக்கம், பால் ஒரு பக்கம் என்று நிற்கிறது. கடையில் வாங்கினால் மட்டும் எப்படி ஊறுகிறது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். செய்முறையையும் எழுதியிருந்தார். அதில் 'வெண்ணெய் 200 கிராம்' என்ற வரியைப் பார்த்ததுமே சிரித்துவிட்டேன், ஏனென்றால் நானும் முதல் தடவை அதைத்தான் செய்தேன்.

டிரெஸ் லெச்சஸ் என்றால் ஸ்பானிஷில் 'மூன்று பால்'. மெக்சிகோ, நிகராகுவா என்று பல நாடுகள் இதைத் தங்கள் பண்டமாகச் சொந்தம் கொண்டாடுகின்றன. கண்டென்ஸ்டு மில்க், சர்க்கரை போடாமல் சுண்டவைத்த பால், க்ரீம் ஆகிய மூன்றும் கலந்து கேக்கின் மேல் ஊற்றுவார்கள். சுண்டிய பால் டப்பா கிடைக்காவிட்டால் அரை லிட்டர் பாலை 200 மில்லி வரை வற்றவிட்டால் போதும். கேக்குக்கு 5 முட்டை, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் மைதா, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர். முட்டையை நன்றாக நுரைக்க அடித்து, மைதாவை மெதுவாகக் கலந்து, ஓடிஜியில் 180 டிகிரியில் அரை மணி நேரம். சரி, சமையல் குறிப்பு முடிந்தது.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். அடுப்புக்குள் போகும்போது அந்த மாவு ஒரு நுரை. முட்டையின் புரதங்கள் அடிபட்டுச் சுருள் பிரிந்து, ஒவ்வொரு காற்றுக் குமிழியையும் சுற்றித் தோலாகப் படிந்திருக்கின்றன. குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலும் ஒன்றுக்குள்ளிருந்து அடுத்ததற்குப் போக வழி கிடையாது. எல்லா அறையும் பூட்டிய வீடு மாதிரி. சூடு ஏற ஏறக் காற்று விரிகிறது, நீராவியும் சேர்கிறது, சுவர்கள் மெலிகின்றன. 80 டிகிரியைத் தாண்டும்போது புரதம் இறுகுகிறது, மைதாவின் ஸ்டார்ச் தண்ணீரை இழுத்து உப்பிக் கெட்டியாகிறது. அதுவரை ரப்பர் மாதிரி இழுபட்ட சுவர் இப்போது இழுபடாது. ஆனால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கிறது. என்ன ஆகும்? சுவர் கிழியும். ஆயிரக்கணக்கான சுவர்கள் அந்தச் சில நிமிடங்களில் கிழிந்து, எல்லா அறைகளுக்கும் வழி திறந்துவிடுகிறது. நுரையாக உள்ளே போனது பஞ்சாக வெளியே வருகிறது.

கிழியாமல் போனால்தான் ஆபத்து. கேக் ஆறும்போது உள்ளே மாட்டிய காற்று கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும், நீராவி தண்ணீராகும். வெளிக்காற்று உள்ளே போக வழியில்லை என்றால் சுவரையே அமுக்கிவிடும். என் கேக் ஒருமுறை நடுவில் குழி விழுந்தபோது, "கண்ணு பட்டிருக்கும், உப்பு மிளகாய் சுத்திப் போடு" என்றார் அத்தை. மிளகாயைச் சட்னிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பிலிருந்து எடுத்ததும் கேக் டின்னை ஒரு சாண் உயரத்திலிருந்து மேடையில் 'டங்' என்று போடுங்கள். மிச்சமிருக்கும் பூட்டுகள் அந்த அதிர்ச்சியில் உடையும்.

நீராவி வெளியேறிய அதே வழியில்தான் பால் உள்ளே வருகிறது. வேட்டி நுனி தண்ணீரில் பட்டால் ஈரம் மேலே ஏறுகிறதே, அந்த நுண்துளை விசைதான். அரை மில்லிமீட்டர் ஆரமுள்ள துளையில் பால் சுமார் 2 சென்டிமீட்டர் ஏறி நிற்கும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் 10 சென்டிமீட்டர். கேக்கின் உயரமே 4, 5 சென்டிமீட்டர்தான், அதனால் குடித்த பால் கீழே வடிந்துவிடாது. சாம்பார் இட்லி சாம்பாரைக் குடிப்பதும் இப்படித்தான்.

ஆனால் துளையின் சுவரில் பால் ஒட்ட வேண்டும். வெண்ணெய் கேக்கில் அது சரியாக நடப்பதில்லை. எண்ணெய் தேய்த்த தலையில் தண்ணீர் ஊற்றின கதைதான். அதிலும் பால் குளிர்ந்திருந்தால் வெண்ணெய் உறைந்து இருக்கிற வழியையும் அடைக்கும்.

அப்புறம், கண்டென்ஸ்டு மில்க்கை மட்டும் ஊற்றினால்? அது சாதாரணப் பாலைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு பிசுக்கானது. பால் ஒரு நொடியில் போகும் தூரத்துக்கு அதற்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. அதனால்தான் மற்ற இரண்டு பாலையும் விட்டு இளக்குகிறோம், முள்கரண்டியால் கேக் முழுக்கக் குத்துகிறோம். ஒவ்வொரு குத்தும் பால் ஊற வேண்டிய தூரத்தைக் குறைக்கிறது.

பாலைத் துளைக்குள் ஏறவைக்கும் விசைக்கு அடிப்படை பரப்பு இழுவிசை, அதாவது திரவத்தின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் மாதிரி நடந்துகொள்வது. அதைப் பற்றிய ஆராய்ச்சியில் ஒரு பெரிய பெயர் சமையலறையிலிருந்து வந்தது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜெர்மனியில் பிரௌன்ஷ்வைக் நகரத்து அக்னெஸ் போக்கெல்ஸ், பல்கலைக்கழகப் படிப்பு வாய்க்காதவர். பாத்திரம் கழுவும் தண்ணீரில் தொடங்கி வீட்டிலேயே சோதனைகள் செய்தார். 1891-இல் அவர் எழுதிய கடிதத்தை இங்கிலாந்து இயற்பியலாளர் ராலே பிரபு 'நேச்சர்' அறிவியல் இதழுக்கு அனுப்பி வெளியிட வைத்தார். இன்றைக்கு நம் ஊரில் இட்லி மாவின் நுரையை ஆராய நிதி கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். ராக்கெட்டுக்குக் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை, இதற்கும் கொஞ்சம் கொடுக்கலாம்.

இவ்வளவு பாலில் கேக் ஏன் கரைவதில்லை? அவித்த முட்டையைத் தண்ணீரில் போட்டால் கரைகிறதா? ஒருமுறை இறுகிய புரதம் பழைய நிலைக்குத் திரும்பாது. போன வாரம் எடை போட்டேன்: வெந்த கேக் 540 கிராம், ஃபிரிட்ஜில் ஓர் இரவு ஊறியபின் 1,250. தன் எடையைவிட அதிகமாகக் குடித்துவிட்டு, வெட்டினால் விளிம்பு மடங்காமல் தட்டில் நின்றது. கரண்டியின் பின்பக்கத்தால் ஒரு துண்டை லேசாக அமுக்கினேன். பால் கசிந்து தட்டில் குளமாகத் தேங்கியது. கரண்டியை எடுத்ததும் துண்டு மெல்ல நிமிர்ந்தது, குளமும் அதன் அடியில் சுருங்கி உள்ளே போனது.