பிறப்புச் சான்றிதழில் பெயரை மாற்றி எழுதுவது தத்தெடுப்பு அல்ல

பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி, தான் தன் பெற்றோருக்குப் பிறந்தவள் அல்ல என்பதை, மீன் ஏலக்கூடத்தில் நடந்த வாய்ச்சண்டையின் நடுவே சித்தி முறையுள்ள ஒருத்தியின் வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதன்பின் சாப்பிடவும் மறுத்துப் பேசவும் மறுத்த அவளை என்னிடம் அழைத்து வந்தார்கள். தமிழகக் கடலோர ஊர்களில் தத்தெடுப்பு தொடர்பான வீட்டு ஆய்வுகளையும் குடும்ப ஆற்றுப்படுத்தலையும் செய்துவரும் நான், இதே நிகழ்வை வெவ்வேறு ஊர்ப் பெயர்களோடு கேட்டுக் கேட்டு மனம் கசந்துபோனதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் குடும்பத்தைப் பற்றி விசாரித்தபோது வழக்கமான விவரமே வெளிவந்தது. குழந்தை இல்லாத தம்பதி. தெரிந்த ஒருவர் மூலம் ஒரு தனியார் மருத்துவமனையில் பிறந்த குழந்தை. பெற்றவளுக்கும் இடைத்தரகருக்கும் பணம். வளர்த்த தாயே பிரசவித்ததாகப் பதிவேட்டில் பெயர்.

"எங்கள் பெயரிலேயே பதிவு செய்துவிட்டால் ஊருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது, சட்டச் சிக்கலும் வராது" என்று இத்தகைய பெற்றோர் அனைவரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையில் ஒரு சொல்கூட உண்மையில்லை. ஊருக்குத் தெரியாது என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரே தெருவில் நான்கு தலைமுறையாக வாழ்பவர்கள், யார் வீட்டுப் படகு எந்த நேரத்தில் கரை சேர்ந்தது என்பதைக்கூட அறிந்தவர்கள், வயிறு தெரியாமல் மாதக்கணக்கில் நடமாடிய பெண்ணின் கையில் திடீரென்று ஒரு குழந்தை இருப்பதைக் கவனிக்காமல் இருப்பார்களா? எல்லோருக்கும் தெரியும், பிள்ளை ஒன்றுக்கு மட்டும் தெரியாது. ஊர் முழுவதும் அறிந்த ஒரு செய்தியை, அதற்கு உரியவளிடமிருந்து மட்டும் மறைத்து வைத்துவிட்டு, அது சண்டையிலோ சொத்துத் தகராறிலோ கல்யாணப் பேச்சிலோ வெளிவரும்போது அதிர்ச்சி அடைவதில் பொருளில்லை. அந்தச் சிறுமி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது தன்னைப் பெற்றவள் யார் என்பதை அல்ல. "எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை?" என்பதையே கேட்டாள்.

சட்டச் சிக்கல் வராது என்பது இதைவிட ஆபத்தான நம்பிக்கை. ஆதரவற்ற, கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட குழந்தையை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் நடைமுறையைப் பின்பற்றாமல் தத்துக் கொடுப்பதும் பெறுவதும் அதன் 80ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். குழந்தையை விற்பதும் வாங்குவதும் 81ஆம் பிரிவின்கீழ் ஐந்து ஆண்டுவரை கடுங்காவலுக்கு உரியது. அதில் மருத்துவமனைப் பணியாளர் ஈடுபட்டிருந்தால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஏழு ஆண்டு. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வாங்கியிருக்கிறோம் என்று என்னிடம் நீட்டுபவர்கள் தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்: அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது, நீங்கள் செய்ததற்குச் சாட்சியாக மட்டுமே நிற்கும். விவகாரம் வெளியானால், குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்ட அளவிலான குழந்தைகள் நலக் குழு, குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்ப நேரிடலாம். உங்கள் மடியைத் தவிர வேறெதுவும் அறியாத குழந்தை அந்தத் தண்டனையை உங்களுக்காக அனுபவிக்கும்.

இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், 1956 என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. பெற்றவர்களே நேரில் கொடுக்க, உறவினரோ தெரிந்தவரோ முறைப்படி பெற்றுக்கொள்வதற்கு அது வழி செய்கிறது. ஆனால் பணம் கைமாறுவதை அதுவும் தடை செய்கிறது. கடலோர ஊர்களில் ஏராளமாக வாழும் கிறித்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் வழி எல்லா மதத்தினருக்கும் திறந்திருக்கிறது என்பதை உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியிருந்தும், எங்கள் மதத்தில் தத்தெடுக்க முடியாதாமே என்ற பேச்சை இன்னும் கேட்கிறேன்.

முறையான வழி இதுதான். மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். சமூகப் பணியாளர் உங்கள் வீட்டுக்கு வந்து ஆய்வு செய்வார். விசைப்படகுத் தொழிலாளர் குடும்பங்களில் நான் இதை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ள விரும்புவேன். அப்போதுதான் தந்தையும் நிதானமாக உட்கார்ந்து பேசுவார். 2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். கைக்குழந்தைக்காகக் காத்திருப்பது ஆண்டுக்கணக்கில் நீளும் என்பது உண்மை, அதன் வலியையும் அறிவேன். ஆனால் சற்று வளர்ந்த குழந்தைகளும், பிரியக் கூடாத உடன்பிறந்தோரும் தங்களுக்கு ஒரு வீடு வருமா என்று எதிர்ப்பக்கத்தில் காத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒருமுறையாவது யோசித்துப் பாருங்கள்.

பெற்றவளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையை ஒப்படைக்கும் தாய்க்கு, மனம் மாறித் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. அவள் அடையாளம் காக்கப்படும். 1992ஆம் ஆண்டு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமும் இப்படிப்பட்ட தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும்தான். பணம் கொடுத்து இரவோடிரவாக வாங்கும்போது, அந்தப் பெண்ணின் இரண்டு மாத யோசனையையும் சேர்த்துப் பறித்துக்கொள்கிறீர்கள்.

சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் ஆதரவிழந்த பிள்ளைகளில் பெரும்பாலோரைத் தாய்மாமன், பாட்டி, பெரியம்மா என்று உறவுகளே ஏற்று வளர்த்தார்கள். யார் பெற்றது, யார் வளர்த்தது என்பதை எவரும் மறைக்கவில்லை. மறைக்காமலேயே குடும்பமாக வாழ முடியும் என்பதற்கு இந்தக் கரையிலேயே சான்று இருக்கிறது.

ஆகவே சொல்லிவிடுங்கள். மூன்று, நான்கு வயதிலேயே, தூங்கவைக்கும்போது, நாங்கள் உன்னைத் தேடி வந்து அழைத்துவந்தோம் என்று தொடங்குங்கள். பள்ளிக்குப் போகுமுன் அவளுக்கு அது பழகிய செய்தியாகியிருக்க வேண்டும். "உன் அம்மா உன்னை வேண்டாமென்று விட்டுவிட்டாள்" என்று சொல்லாதீர்கள். "நாங்கள் எடுக்காவிட்டால் உன் கதி என்ன" என்று கோபத்தில்கூடச் சொல்லாதீர்கள். நன்றிக்கடன் கேட்கும் வீட்டில் பிள்ளை விருந்தாளியாகவே வளரும். குழந்தை வீட்டுக்கு வந்த முதல் வாரங்களில் பாசம் பொங்கவில்லையே என்று அழும் தாய்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: பெற்றவர்களிலும் பலருக்கு அப்படித்தான். குளிப்பாட்டியும் காய்ச்சலுக்குக் கண்விழித்தும் அந்த உறவு வளரும், அவசரப்படாதீர்கள். மாமியார்களே, நாத்தனார்களே, "பெற்றால்தானே தெரியும்" என்ற பேச்சை அந்தப் பெண்ணின் முன்னால் இனி எடுக்காதீர்கள்.

2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, பெற்றோரை இழந்த கைக்குழந்தைகளைத் தத்தெடுக்க அழைக்கும் செய்திகள் வாட்ஸ்அப்பில் பரவின. அவற்றை நம்ப வேண்டாம் என்று அரசே எச்சரிக்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு செய்தி வந்தால் பிறருக்கு அனுப்பாதீர்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள். ஆதரவற்ற குழந்தையைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது சட்டப்படியான கடமை.

ஏற்கெனவே ஆவணமின்றி வளர்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயந்து ஒளிந்திருக்காதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தகுதியுள்ளோருக்கு இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். முதலில் அவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லி ஆலோசனை பெற்று, அதன்பின் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள். பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் வழி அடைபட்டுவிடும், எனவே தள்ளிப்போடாதீர்கள். அதற்கு முன்பே, இந்த வாரத்திலேயே, வேறு யாரும் சொல்வதற்குமுன் பிள்ளையிடம் நீங்களே சொல்லுங்கள்.