'ரீகாயில்': பின்னடைவு அன்று, பின்னுதைப்பு

மான், எல்க் என்னும் பெரிய மானினம் ஆகியவற்றின் வேட்டைக்கான தோட்டாக்களை ஒப்பிடும் அமெரிக்கக் கட்டுரை ஒன்றின் தமிழாக்கத்தை அண்மையில் படித்தேன். "எல்க் வேட்டைக்குப் புதியவர்கள் பின்னடைவு குறைந்த தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது நல்லது" என்றது அது. தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர் இதை எப்படி எடுத்துக்கொள்வார்? சில தோட்டாக்கள் வெடிக்காமல் ஏமாற்றும் போலும், அந்தக் குறை இல்லாததை வாங்கச் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார். மூலத்தில் இருந்த சொல் 'ரீகாயில்'. சுடும்போது துப்பாக்கி தோளில் வந்து இடிப்பதைக் குறிக்கும் சொல் அது. 'பின்னடைவு' என்னும் மொழிபெயர்ப்பைத் திரைப்பட வசன எழுத்துகளிலும் செய்திகளிலும் பலமுறை பார்த்துப் பொறுத்தாயிற்று, இனியும் பொறுப்பதற்கில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பின்வாங்குதல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சு வினையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது இது. அதன் அடி, உடலின் பின்புறத்தைக் குறிக்கும் லத்தீன் 'கூலுஸ்'. சுருளைக் குறிக்கும் 'காயில்' வேறு வேரில் பிறந்தது. ஆகவே 'மீள்சுருள்' என்று பிரித்துப் பெயர்ப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

மூலச்சொல்லே பின்வாங்குதலைத்தானே குறிக்கிறது, பின்னடைவு என்றால் என்ன தவறு என்று கேட்கலாம். ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதைவிட, இன்று அது யார் வாயில் என்ன பொருளில் வழங்குகிறது என்பதே மொழிபெயர்ப்பாளருக்கு முதன்மையானது. தேர்தலில் பின்னடைவு, உடல்நிலையில் பின்னடைவு, பேச்சுவார்த்தையில் பின்னடைவு என்று நாள்தோறும் படிக்கும் தமிழருக்கு அச்சொல் சரிவையும் இழப்பையுமே உணர்த்துகிறது. துப்பாக்கி பின்னோக்கி வருவதோ இழப்பன்று. குண்டு முன்னே பாய்வதன் மறுபக்கம் அது. 'பின்னதிர்வு' என்பாரும் உளர். அதை நிலநடுக்கச் செய்திகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன.

'எதிர்விசை' என்பது இவற்றைவிடச் சிந்தித்து ஆக்கப்பட்ட சொல்; நியூட்டனின் மூன்றாம் விதியைப் படித்தவர் அதை எளிதில் புரிந்துகொள்வார். ஆயினும் இரண்டு காரணங்களால் அதை என்னால் ஏற்க இயலவில்லை. துப்பாக்கியைப் பொறுத்தவரை, விரலால் இழுக்கும் உறுப்புக்கே விசை என்று பெயர். "விசையை மெல்ல இழுத்தால் எதிர்விசை தெரியாது" என்று ஒருவர் எழுதினால் படிப்பவர் எந்த விசையைப் பிடித்துக்கொள்வது? அடுத்து, வேட்டைக்காரர்கள் அளந்து ஒப்பிடுவது விசையை அன்று, துப்பாக்கி பின்னோக்கி வரும் வேகத்தையும் ஆற்றலையும். 3.6 கிலோ எடையுள்ள துப்பாக்கியில், 1955இல் வந்த .243 வின்செஸ்டர் தோட்டா ஏறத்தாழ 8 அல்லது 9 அடி-பவுண்டு (ஆற்றலின் அலகு) ஆற்றலுடன் தோளை உதைக்கும். 2007இல் வந்த 6.5 கிரீட்மோர் 12 அளவில் நிற்கும், 1963இன் .300 வின்செஸ்டர் மேக்னமோ 25ஐத் தாண்டும். குண்டின் எடையும் வேகமும் மட்டுமன்றி, குழல்வாயிலிருந்து சீறி வெளியேறும் வெடிமருந்து வாயுவும் இக்கணக்கில் சேரும். துப்பாக்கி கனக்கக் கனக்க உதை தணியும்.

உதை என்று எழுதிவிட்டேன், வேறு சொல் கைக்கு வரவில்லை. பழைய மோட்டார் சைக்கிளின் கிக்கரை மிதித்தவர் "வண்டி திருப்பி உதைத்துவிட்டது" என்கிறார். துப்பாக்கி பிடித்தவரும் "தோளில் உதைக்கிறது" என்கிறார். மக்கள் வாயில் இருக்கும் இந்த வினையிலிருந்தே பின்னுதைப்பு என்னும் பெயரை ஆக்கிக்கொள்ளலாம். பின் என்பதோடு உதைப்பு சேர்கையில் னகரம் இரட்டிப்பது, தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்ற நன்னூல் விதிப்படி இயல்பானது.

உதைப்பு என்னும்போதுதான் அந்த வேட்டைக் கட்டுரையின் அறிவுரையே விளங்குகிறது. வலுத்த உதையை இரண்டு மூன்று முறை வாங்கிய உடல், அடுத்த முறை விசையை இழுக்கும் முன்னரே துணுக்குறும்; கண் இறுகும், விரல் வெட்டி இழுக்கும், விலங்கின் தோளுக்குப் பின்னே நுரையீரலைக் குறிவைத்த குண்டு வயிற்றில் போய்ப் பாயும். விலங்கு காயத்தோடு ஓடிப்போய் எங்கோ துடித்துச் சாகும். உதைப்புக் குறைந்த தோட்டாவைப் பரிந்துரைப்பதன் காரணம் இதுவே. 'பின்னடைவு' இதில் ஒரு சொட்டைக்கூடப் படிப்பவரிடம் சேர்ப்பதில்லை.

தோட்டா என்பது உருதுவழி வந்த சொல். அதை நீக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேரூன்றித் தெளிவாக நிற்கும் சொல்லை அகற்றுவதால் தமிழுக்கு ஆக்கம் எதுவும் இல்லை. ஆனால் அதைத் துல்லியமாக ஆள வேண்டும். பித்தளைக் கூடு, பற்றவைப்பான், வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. பாய்வது குண்டு மட்டுமே; ஈழத்தார் அதைச் சன்னம் என்பர். நம் செய்தித்தாள்களிலோ நாள்தோறும் "தோட்டா உடலில் பாய்ந்தது". இந்தக் குழப்பம் அக்கட்டுரையிலும் புகுந்து, கொலராடோ மாநில விதியையே திரித்துவிட்டது. எல்க் வேட்டைக்குக் குறைந்தது 85 கிரெயின், அதாவது சுமார் 5.5 கிராம் எடையுள்ள குண்டு வேண்டும் என்பது விதி. தமிழில் அது "85 கிரெயின் தோட்டா" ஆயிற்று. முழுத் தோட்டாவின் எடை அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

அக்கட்டுரையின் வேறோரிடத்தில் எல்க்கைக் கடமான் என்று பெயர்த்ததும் அதே அவசரத்தின் விளைவு. கடமான் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு விலங்கு. அமெரிக்க எல்க் வாபிட்டி எனப்படும் வேறினம். ஐரோப்பாவில் எல்க் என்றால் அதுவுமன்று, அதனினும் பெரிய மானாகிய மூஸ். சுவீடனின் 6.5x55 தோட்டா எல்க்கை வீழ்த்தும் என்று ஐரோப்பியர் எழுதினால் அவர்கள் மூஸையே சொல்கிறார்கள். எந்த நாட்டு எல்க் என்று பார்த்து, வாபிட்டி, மூஸ் என்றே எழுதிவிடலாம்.

அந்த வாக்கியத்தை நான் இப்படி எழுதியிருப்பேன்: "வாபிட்டி வேட்டைக்குப் புதியவர்கள், பின்னுதைப்புக் குறைந்த தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது நல்லது."