உலானின் தலையில் இருந்த ஹ

மங்கோலியத் தலைநகருக்கு 1924-இல் உலான்பாத்தர், அதாவது ‘சிவப்பு வீரன்’ என்று பெயரிட்டார்கள். ‘சிவப்புக்கு இன்று உலான், பழைய நூலில் ஹுலாஅன். அந்த ஹ எங்கே போயிற்று?’ என்பது ஒரு வாசகரின் கேள்வி.

பழைய சான்றுகள் இரண்டு, இரண்டுமே அரைகுறை. உய்குர் வழி வந்த மங்கோலிய எழுத்தில் ஹ-வுக்கு எழுத்தே இல்லை. அதனால் ‘உலகன்’ என்றே எழுதினார்கள் (‘முகம்’ என்பதில் வருகிற மெல்லிய க). ‘மங்கோலியரின் ரகசிய வரலாறு’ சீன எழுத்துகளில் ஒலிபெயர்த்து வைக்கப்பட்ட நூல். அதில் ஹு-லா-அன்: தலையில் ஹ இருக்கிறது, நடுவில் க கரைந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தால் மூலவடிவம் *ஹுலகன். முன்னால் உள்ள உடுக்குறி (*), இது எங்கும் எழுதப்படாத மீட்டுருவாக்கம் என்பதற்கு அடையாளம்.

வெறும் ஏட்டுக் கணக்கோ என்று ஐயப்பட வேண்டாம். மங்கோலியாவின் ஹல்ஹா, ரஷ்யாவின் புரியாத் மொழிகள் ஹ-வை விட்டுவிட்டன. சீன எல்லைக்குள் ஒதுங்கியிருந்த உறவுமொழிகள் விடவில்லை. தகூரில் ஹுலான். கான்சு மாகாணத்தின் கிழக்கு யுகுரில் உகரம் விழுந்து, ஹ-வும் ல-வும் ஒட்டிக்கொண்டன. ல சொல்லும் நிலையில் நாக்கை வைத்துக் குரலெழுப்பாமல் காற்றை மட்டும் ஊதிப் பாருங்கள். அந்தச் சொல்லின் முதல் ஒலி அதுதான்.

எனக்கு மிகப் பிடித்தது சிங்ஹாய் மாகாணத்தின் மொங்குவோர் மொழி. அங்கே ஃபுலான். ஹ என்பது வெறும் மூச்சு. அடுத்து உ வரப்போகிறது என்று உதடு முன்கூட்டியே குவிய, மூச்சு அந்த இடுக்கில் உரசி ஃப ஆகிறது. சோதிக்க வழி உண்டு: ‘பத்து’ என்பதன் மூலம் *ஹர்பன். அங்கே உதடு குவிவதில்லை. மொங்குவோரிலும் ‘ஹரன்’தான், ஃபரன் இல்லை.

இந்த ஹ-வுக்கும் முன்னால் ப இருந்தது என்று 1916-இல் பின்லாந்து மொழியியலாளர் ராம்ஸ்டெட் வாதிட்டார். நம் பால் கன்னடத்தில் ஹாலு ஆன அதே தடம். 1925-இல் பிரெஞ்சு அறிஞர் பெலியோ, பழைய ஆவணங்களிலிருந்து ஹ-வில் தொடங்கும் சொற்களைத் திரட்டித் தந்தார்.

மங்கோலியக் குடும்பத்தில் சேராத மஞ்சு மொழியில் சிவப்புக்கு ‘ஃபுல்கியன்’. உடனே அதைச் சிலர் மொங்குவோர் ஃபுலானோடு முடிச்சுப் போடுவார்கள். ஒலி ஒத்தால் உறவு என்று முடிவுகட்டும் இந்தச் சொல்லாராய்ச்சி எனக்குச் சோதிடத்துக்கு ஒரு படி கீழே. மஞ்சுவின் ஃப பழைய ப-விலிருந்து நேரே வந்தது. அ, உ என்று எந்த உயிருக்கு முன்னும் வரும். மொங்குவோரின் ஃப, குவிந்த உதட்டில் பின்னாளில் பிறந்தது. மூலவடிவங்கள் உறவா, கடனா என்பது வேறு வழக்கு. அதற்கு இந்த இரண்டு ஃப-வும் சாட்சி சொல்ல முடியாது.